கையில் கட்டிய வடக்கு

கட்டியாகிவிட்டது. இனி யாருக்கு நன்றி சொல்வது என்பதுதான் திரைக்காரருக்குப் பிரச்சினை.

பார்சல் காலையில் அவர் வேலை செய்யும் திரைச்சீலைக் கடைக்கு வந்திருந்தது. மேலே அவர் பெயரும் கடை விலாசமும் தெளிவாக இருந்தன. அனுப்பியவர் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் மட்டும் மழைத்தண்ணீர் பட்டு, மை கரைந்து, நீலமாக ஒரு கறை. பிரித்துப் பார்த்தால் உள்ளே ஒரு கைக்கடிகாரம். வாழ்த்து அட்டை இல்லை, ஒரு துண்டுச் சீட்டு இல்லை.

சாதாரணக் கடிகாரமா அது! காடு மலை என்று சுற்றுகிறவர்கள் கட்டுவது. கறுப்பாக, சோப்புக்கட்டி கனத்துக்கு இருந்தது. சட்டைக் கைப்பொத்தானைப் போடவே விடவில்லை. நூறு மீட்டர் ஆழத் தண்ணீரைத் தாங்கும் என்று பின்பக்கம் பொறித்திருந்தது. திரைக்காரர் தண்ணீரில் இதுவரை போன ஆழம் குளியலறை வாளிக்குள் முழங்கை வரைதான். எல்லாவற்றையும்விட அதிசயம், இடது ஓரம் கீழே இருந்த பொத்தான். அதை அழுத்தினால் மணி மறைந்து, வட்டமாகக் கோடுகள் தோன்றி, வடக்கு எந்தப் பக்கம் என்று காட்டியது.

"உள்ளேயே காம்பஸ் வேறயா!" தையல்காரம்மா மெஷினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தாள். "யாருண்ணே குடுத்தாங்க?"

"அதாம்மா தெரியலை" என்றார் திரைக்காரர். பொத்தானை இன்னொரு தடவை அழுத்திப் பார்த்தார்.

அழுத்தியதற்குக் காரணம் இருந்தது. வீடு வீடாகப் போய் ஜன்னல் அளவெடுத்து, திரை தைத்து வந்ததும் கொண்டுபோய் மாட்டுவது அவர் வேலை. கிழக்கு ஜன்னல் என்றால் கனத்த துணி, வடக்கு என்றால் மெல்லிசு போதும், மேற்கு என்றால் சாயம் வெளுக்காத ரகம். இது அந்தத் தொழிலின் அரிச்சுவடி. திரைக்காரருக்கோ மாடிப்படியில் ஒரு திருப்பம் திரும்பினாலே கிழக்கும் மேற்கும் குழம்பிவிடும். "காலையில வெயில் இந்தப் பக்கமா வருதுங்களா?" என்று பேச்சோடு பேச்சாகக் கேட்டே இத்தனை வருடம் காலத்தை ஓட்டிவிட்டார். அன்றைக்குத்தான் குடி வந்த வீடுகளில் கேட்டுப் பயனில்லை. அங்கே குத்துமதிப்புதான்.

ஆக, இதை அனுப்பியவர் அவருடைய குறையை அறிந்த ஒருவர். அறிந்தும் சொல்லிக் காட்டாமல் கையில் மருந்தைக் கட்டிவிட்டவர். அப்படி ஒரு மனிதர் தனக்கும் இருக்கிறார் என்று நினைக்க நினைக்க அவருக்கு நெஞ்சு நிறைந்தது. அந்த மனிதரின் கையைப் பிடித்து நன்றி சொல்லாவிட்டால் மதியச் சோறு இறங்காது போலிருந்தது.

யோசித்துப் பார்த்ததில் முதலாளியாகத்தான் இருக்கவேண்டும் என்று பட்டது. கடை விலாசத்துக்கு வேறு யார் அனுப்புவார்கள்?

முதலாளி துணிச் சுருள்களுக்கு நடுவே, தோளுக்கும் காதுக்கும் இடையே போனை இடுக்கிக்கொண்டு நின்றிருந்தார்.

"முதலாளி, ரொம்ப நன்றி. இதை என் ஆயுசுக்கும் மறக்க மாட்டேன்."

"ம்" என்றார் முதலாளி.

அந்த 'ம்' போனில் இருந்த துணி மில்காரருக்கா, தனக்கா என்று திரைக்காரர் ஆராயவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, "முதலாளிதான்" என்று எல்லாரிடமும் சொல்லிவிட்டார்.

தையல்காரம்மாவின் முகம் தொங்கிப்போனது. கடை திறந்த நாளிலிருந்து அவள் அங்கே தைக்கிறாள். முதுகு வலிக்கிறது, சாய்மானம் வைத்த நாற்காலி ஒன்று வாங்கித் தாருங்கள் என்று கேட்டு வாய் வலித்ததுதான் மிச்சம். நேராகப் போய் முதலாளி முன்னால் நின்றாள்.

"அண்ணனுக்கு வாட்சு. எனக்கு முக்காலி. நல்லா இருக்கு உங்க நியாயம்!"

"என்ன வாட்சு?" என்று முதலாளி வாயெடுப்பதற்குள், துணி பார்க்க வந்திருந்த டாக்டரம்மா திரும்பினார்.

"அட, வேலை செய்யறவங்களுக்கு இப்படிப் பரிசெல்லாம் குடுக்கறீங்களா? இந்தக் காலத்துல யாருங்க இப்படி?"

முதலாளி ஒரு வினாடி டாக்டரம்மாவைப் பார்த்தார். அவர் கையில் இருந்த விலை உயர்ந்த துணியைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

"என்னங்கம்மா, நம்மை நம்பி இருக்கறவங்களுக்குச் செய்யறது நம்ம கடமைதானே" என்றார்.

அன்று மாலைக்குள் தையல்காரம்மாவின் கோபம் மெஷின் வழியாகத் துணியில் இறங்கியது. ஒரு வரவேற்பறைத் திரையைத் தலைகீழாகத் தைத்துவிட்டாள். பூவெல்லாம் தலை குப்புறத் தொங்கின. திரைக்காரருக்கு மனசு கேட்கவில்லை. தனக்குக் கிடைத்த ஒரு நல்லதால் இன்னொருத்தி கண்ணைக் கசக்குவதா? அவளைச் சமாதானப்படுத்த வாயில் வந்ததைச் சொன்னார்.

"இதப் பாரும்மா, நான்தான் தப்பா சொல்லிட்டேன். முதலாளி இல்லை. என் மச்சான் அனுப்பினது."

"யாரு, மருந்துக்கடை வச்சிருக்காரே, அண்ணியோட அண்ணன், அவரா?"

"அவரேதான்."

தையல்காரம்மாவின் முகம் பூத்தது. தலைகீழ்ப் பூக்களைப் பிரிக்க ஆரம்பித்தாள். தீர்ந்தது என்று திரைக்காரர் பெருமூச்சு விட்டார். தையல்காரம்மா தன் வீட்டுக்குக் கீழ்த்தளத்தில் குடியிருப்பவள் என்பதும், மனைவியும் அவளும் தினமும் மாடிப்படியில் நின்று பேசுகிறவர்கள் என்பதும் அவருக்கு அந்த நேரம் உறைக்கவில்லை.

வீட்டுக்குப் போனபோது மனைவி அழுதுகொண்டே சிரித்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே! எங்கண்ணன் வாட்சு அனுப்பியிருக்காமே?"

திரைக்காரருக்கும் மச்சானுக்கும் பேச்சுவார்த்தை நின்று வருடக்கணக்காகிறது. மருந்துக்கடை திறப்பு விழாவுக்கு வாடகை வண்டி வைத்துக் குடும்பத்தை அழைத்துப் போன திரைக்காரர், யாரிடமும் வழி கேட்கமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்து, ஊரைச் சுற்றி, கடையில் விளக்கை அணைத்துக் கதவை இழுக்கும் நேரத்தில் போய் இறங்கினார். "திசை தெரியாத மனுஷனுக்கு என் தங்கச்சியைக் கட்டி வச்சிட்டோமே" என்றார் மச்சான், நாலு பேர் முன்னால். அவ்வளவுதான். அன்றைக்கு மூடிய வாயை இரண்டு பேரும் திறக்கவில்லை.

"அண்ணன் மன்னிப்பு கேக்கறதுக்குத்தாங்க அனுப்பியிருக்கு" என்றாள் மனைவி. "அது வாயால கேக்காது. கல்லு மாதிரி. அதான் திசை காட்டற வாட்சா பார்த்து அனுப்பியிருக்கு. நான் உடனே போன் போட்டுட்டேன்."

"போட்டுட்டியா?"

"நன்றின்னு சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே வரலை அதுக்கு. அப்புறம் 'இருக்கட்டும்மா, இருக்கட்டும்'னு சொல்லிச்சு. ஞாயித்துக்கிழமை சாப்பிட வருது!"

அவள் முகத்தைப் பார்த்தபின் உண்மையைச் சொல்லத் திரைக்காரருக்கு நாக்கு எழவில்லை. மாடிக்குப் போய், தானே மச்சானுக்குப் போன் செய்தார். உள்ளதைச் சொல்லிக் காலில் விழுந்துவிடுவது என்று முடிவு.

"மச்சான், அந்த வாட்சு விஷயமா..."

"கை அளவுக்குச் சரியா இருக்கா, மாப்பிள்ளை?" என்றார் மச்சான் அவசரமாக.

திரைக்காரர் கையில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார். அளவை விசாரிக்கிறார் என்றால், நிஜமாகவே இவர்தானா? வாயில் வந்த பொய் உண்மையாகிவிட்டதா? அவருக்குக் கண் கலங்கியது.

"கச்சிதமா இருக்கு மச்சான். ரொம்ப நன்றி."

"இருக்கட்டும், இருக்கட்டும்."

அந்த வாரம் திரைக்காரர் தரையில் நடக்கவில்லை. எந்த வீட்டுக்குப் போனாலும் பொத்தானை அழுத்தி, கையை நீட்டி, ஜன்னலைப் பார்த்து, "இது கிழக்குங்க" என்றார். அதில் ஒரு வைத்தியனின் தோரணை வந்துவிட்டது. முதல் நாள் ஒரு சின்னத் தடுமாற்றம். திரைக்கம்பியைக் கையில் வைத்துக்கொண்டே பார்த்ததால், அவர் எந்தப் பக்கம் திரும்பினாலும் வடக்கும் கூடவே திரும்பியது. இரும்பு பக்கத்தில் ஆகாது என்று புரிந்து கம்பியைக் கீழே வைத்தார். திசை மறுபடி நேராக வர, கையை உயர்த்திக் காற்றில் எட்டு எழுத வேண்டும் என்பதையும் அழுத்தி அழுத்திக் கண்டுபிடித்தார். எதிர் மாடியில் துணி உலர்த்திய ஒருவர் தனக்குத்தான் கையாட்டுகிறார் என்று நினைத்துப் பதிலுக்கு ஆட்டினார். திரைக்காரர் அவருக்கும் ஒரு கும்பிடு போட்டார். நன்றி சொல்லும் பழக்கம் வந்துவிட்டால் ஆள் பார்த்தா வரும்?

ராத்திரி வேலைக்குப் போய்ப் பகலில் தூங்கும் ஒரு நர்ஸ் வீடு அவர் மனசை வெகுநாளாக உறுத்திக்கொண்டிருந்தது. புது வீடு என்பதால் குத்துமதிப்பாகத் திரை போட்ட இடம் அது. போய்ப் பொத்தானை அழுத்திப் பார்த்தார். கனத்த திரை வடக்கில், மெல்லிசு கிழக்கில். இரண்டையும் கழற்றி மாற்றி மாட்டினார்.

"ஏன் சார், நான் புகாரே சொல்லலையே?" என்றாள் நர்ஸ்.

"சொல்லாம விட்டதுக்கு நன்றிம்மா" என்றார் திரைக்காரர்.

மறுநாள் அவள் கடைக்குப் போன் செய்தாள். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து இப்படித் தூங்கியதில்லையாம்.

ஒரே ஒரு கணக்குத்தான் நேராகவில்லை. முதலாளிக்குத் தப்பாக நன்றி சொன்னதை எப்படித் திருப்பி வாங்குவது? ஒருநாள் மதியம் தயங்கித் தயங்கி அவர் மேஜைக்குப் போனார்.

"முதலாளி, மன்னிச்சுக்கங்க. வாட்சை நீங்கதான் குடுத்தீங்கன்னு நெனச்சுட்டேன். என் மச்சான் அனுப்பினதாம்."

முதலாளி கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கினார். "அப்போ, நான் குடுக்கலையா?"

"இல்லீங்க முதலாளி."

முதலாளி எழுந்து கதவைச் சாத்தினார். டாக்டரம்மா இந்தப் பரிசுக் கதையை ஊரெல்லாம் சொல்லி, 'அந்த நல்ல மனுஷன் கடை' என்று ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். வாசலில் நுழையும் ஒவ்வொருவரும் முதலாளியைப் பார்த்துச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்கு ஈடு கொடுக்க முடியாமல் முந்தின நாள்தான் தையல்காரம்மாவுக்குச் சாய்மான நாற்காலி வாங்கிப் போட்டிருந்தார். அவள் அதில் உட்கார்ந்து, "மகராசனா இருக்கணும்" என்று சொன்னபோது, தன் காதையே நம்பாமல் இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டிருந்தார்.

"இதை வேற யார்கிட்டயாவது சொன்னியா?"

"மச்சான்னு தையல்காரம்மாகிட்ட மட்டும்..."

"நாற்காலி வந்ததுக்கப்புறம் அவங்க அதை நம்பலை. நான் அடக்கத்துக்காக மறைக்கச் சொல்லியிருக்கேன்னு நெனச்சுக்கிட்டாங்க. அப்படியே இருக்கட்டும்." முதலாளி குரலைத் தாழ்த்தினார். "ஆனா எனக்கும் குறுகுறுன்னு இருக்குப்பா. குடுக்காததுக்கு நன்றி வாங்கிக்கிட்டேன். உன் வீட்டு ஜன்னலுக்கெல்லாம் என்ன திரை போட்டிருக்கே?"

திரைக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். ஊருக்கெல்லாம் திரை மாட்டுகிறவர் வீட்டு ஜன்னலில் கிழிந்த படுக்கைவிரிப்புதான் ஆணியில் தொங்கியது.

முதலாளி எழுந்து துணிச் சுருள்கள் பக்கம் போனார்.

ஞாயிற்றுக்கிழமை மச்சான் இரண்டு கை நிறையப் பழத்தோடு வந்தார். வாசலில் இரண்டு பேரும் எதிரெதிரே நின்று, "வாங்க மச்சான்", "வரேன் மாப்பிள்ளை" என்பதையே நான்கு தடவை சொல்லிக்கொண்டார்கள். மனைவி இருவரையும் உள்ளே இழுத்து உட்கார வைத்தாள். மகள் உள்ளறையில் வீட்டுப்பாடம் செய்துகொண்டிருந்தாள்.

"எங்க, காம்பஸ் வச்ச அந்த வாட்சைக் காட்டுங்க பாப்போம்" என்றார் மச்சான்.

"நீங்க பார்க்காததா, மச்சான்?"

"பெட்டியைப் பிரிக்காமலே அனுப்பிட்டேன்ல?" என்றார் மச்சான். அவருக்கு நெற்றியில் வேர்த்திருந்தது.

திரைக்காரர் பொத்தானை அழுத்தி வடக்கைக் காட்டிக்கொண்டிருந்தபோது வாசலில் செருப்புச் சத்தம். முதலாளி நின்றார். பின்னால் தையல்காரம்மா, இரண்டு கையிலும் மடித்த திரைகளோடு.

"உங்க வீட்டுக்குத்தாண்ணே! ராத்திரி பகலா உட்கார்ந்து தச்சேன். அந்த நாற்காலியில எத்தனை நேரம் வேணா உட்காரலாம்" என்றாள் அவள்.

முதலாளிக்குச் சபையைப் பார்த்ததும் உற்சாகம் வந்துவிட்டது. ஒரு வாரமாகப் பழகிய சிரிப்பைச் சிரித்தபடி, "என்னப்பா, நான் குடுத்த வாட்சு எப்படி ஓடுது?" என்றார்.

மனைவி முதலாளியைப் பார்த்தாள். பிறகு அண்ணனைப் பார்த்தாள். மச்சான் தேள் கொட்டின திருடன் மாதிரி பழத்தைப் பார்த்தார். தையல்காரம்மா திரைக்காரரைப் பார்த்தாள். திரைக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். அது வடக்கைக் காட்டியதே ஒழிய, ஒளிந்துகொள்ள ஓர் இடத்தைக் காட்டவில்லை.

"அண்ணே," என்றாள் மனைவி மெதுவாக, "நீ அனுப்பலையா?"

மச்சான் தோளைத் தொங்கப்போட்டார்.

"இல்லம்மா. போனை எடுத்தா நீ அழறே. 'வாட்சு வந்துச்சுண்ணே, மனசு குளிர்ந்துபோச்சு'ங்கறே. அன்னைக்கு நாலு பேர் முன்னால அப்படிப் பேசினதிலேர்ந்து, திரும்பப் பேச ஒரு சாக்கு கிடைக்காதான்னு தவிச்சுக்கிட்டிருந்தேன். தானா வந்த சாக்கை வேண்டாம்னு சொல்ல நான் என்ன முட்டாளா?" திரைக்காரர் பக்கம் திரும்பினார். "மாப்பிள்ளை, நீங்கதான் சமாதானத்துக்காக என் பேரைச் சொல்லியிருக்கீங்கன்னு நெனச்சேன். எவ்வளவு பெரிய மனசுன்னு எனக்குத் தூக்கமே வரலை."

"நான் நிஜமாவே நீங்கன்னுதான் நெனச்சேன், மச்சான். அளவு கேட்டீங்களே?"

"பதட்டத்துல வேற என்ன கேக்கறதுன்னு தெரியலை!"

முதலாளி திரைகளை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். "நானும் குடுக்கலைம்மா" என்றார் சின்னக் குரலில். "டாக்டரம்மா முன்னால இல்லைன்னு சொல்ல வாய் வரலை. அப்புறம், எல்லாரும் பார்த்துச் சிரிக்கறது பிடிச்சுப்போச்சு."

முதலில் சிரித்தவள் தையல்காரம்மாதான். "அப்போ என் நாற்காலி?"

"அது நான் குடுத்ததுதான்!" என்று முதலாளி ரோஷமாகச் சொன்னார். அதற்கு வீடே சிரித்தது. மச்சான் சிரித்துச் சிரித்து இருமல் வந்து, திரைக்காரரின் தோளைப் பிடித்துக்கொண்டார். பிடித்த கையை எடுக்கவில்லை.

திரைக்காரரும் முதலாளியும் ஏணி போட்டுத் திரைகளை மாட்டினார்கள். மேற்கு ஜன்னலுக்குச் சாயம் வெளுக்காத ரகம். கடிகாரத்தில் பார்த்து உறுதி செய்துகொண்டுதான் மாட்டினார்கள். கூடம் ஒரு பணக்காரர் வீடு போல ஆகிவிட்டது. மனைவி துணியைத் தடவித் தடவிப் பார்த்தாள்.

சாப்பாடு முடிந்ததும் பேச்சு மறுபடி அங்கேயே வந்து நின்றது. அப்படியானால் அனுப்பியது யார்?

"யாரா இருந்தா என்ன, பெரிய புத்திசாலிப்பா" என்றார் முதலாளி. "தொழிலுக்கு எது தேவைன்னு தெரிஞ்சு குடுத்திருக்கான் பாரு. ஏனோதானோன்னு காரியம் பண்ற ஆளில்லை."

"சந்தேகமென்ன?" என்றார் மச்சான். "ஒரு பொருளை வாங்கணும்னா நாலு கடை ஏறி இறங்கி, பத்து தடவை பார்த்து வாங்கற ஆளா இருக்கணும். நிதானம்னா நிதானம்."

"மனசு பூரா இவர் நெனப்பாவே இருந்திருக்கணும்" என்றாள் மனைவி. "எதிர்பார்ப்பே இல்லாத மனசு. பேர்கூடப் போட்டுக்கலையே."

திரைக்காரர் எழுந்து நின்றார். ஒரு கடிகாரம் வந்தது. மச்சான் வந்தார், நாற்காலி வந்தது, திரை வந்தது, யாரோ ஒரு நர்ஸுக்குத் தூக்கம் வந்தது. எந்தப் பக்கம் பார்த்துக் கும்பிடுவது என்று தெரியாமல், புதுத் திரையைப் பார்த்துக் கையைக் கூப்பினார்.

"அந்தப் புண்ணியவான் எங்க இருந்தாலும் நல்லா இருக்கணும்."

"நல்லா இருக்கணும்" என்றார்கள் எல்லாரும்.

அப்போது உள்ளறையிலிருந்து மகள் கையில் பென்சிலோடு வந்தாள்.

"அப்பா, மாமா காம்பஸ்னு சொன்னதும்தான் ஞாபகம் வந்துச்சு. கணக்கு நோட்டுல வட்டம் போடக் காம்பஸ் வேணும்னு போன மாசமே கேட்டேனே, நீங்களும் கண்ணாடியைத் தேடப் பொறுமை இல்லாம, போன்ல 'காம்பஸ்'னு அடிச்சு முதல்ல வந்ததையே ஆர்டர் போட்டுட்டு, 'தவணையில கட்டறீங்களா'ன்னு கேட்டதுக்கும் சரின்னு அழுத்தினீங்களே, அது இன்னும் கடைக்கு வந்து சேரலையா?"